தண்டனையை நிறுத்தி வைக்கும் அதிகாரம்: ஆளுநரும் 161-ஆவது பிரிவும்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் மாநில அரசு பற்றிய பாடத்தை நடத்தும்போது ஆளுநரின் அதிகாரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். நிர்வாகம், சட்டமன்றம், நிதி என்று வந்து நீதித்துறை அதிகாரம் என்ற தலைப்பை அடையும்போது பாடவேளை பெரும்பாலும் முடிந்திருக்கும். குற்றவாளிகளின் தண்டனையை மன்னிக்கவும் குறைக்கவும் ஒத்திவைக்கவும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "ஒரு மதிப்பெண் வினாவாக வரும், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடுகிறோம்.

அந்த ஒரு வரிக்குள் ஓர் உயிர் இருக்கிறது என்பதைச் சேலத்தில் பணிபுரியும் ஆசிரியர்கள் மற்றவர்களைவிட நன்றாக உணர முடியும். தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்ட இடம் சேலம் மத்திய சிறை. ஆட்டோ சங்கர் என்று அறியப்பட்ட கைதிக்கு 1995 ஏப்ரல் 27 அன்று அங்கே தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன் பிறகும் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் பலருக்குத் தூக்குத் தண்டனை விதித்திருக்கின்றன. ஒன்றுகூட நிறைவேறவில்லை. ஏன் நிறைவேறவில்லை என்பதற்கான விடையின் ஒரு பகுதி, நாம் அடிக்கோடு போடச் சொல்லும் அந்த வரியில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 72-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும் 161-ஆவது பிரிவு ஆளுநருக்கும் கருணை அதிகாரத்தை வழங்குகின்றன. இராணுவ நீதிமன்றம் அளித்த தண்டனைகள், ஒன்றியச் சட்டங்களின் கீழான தண்டனைகள், மரண தண்டனைகள் ஆகிய மூன்றும் குடியரசுத் தலைவரின் வரம்பில் வரும். மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் எவ்விஷயங்களுக்கு உண்டோ, அவை தொடர்பான சட்டங்களை மீறிய குற்றங்களின் தண்டனைகள் ஆளுநரின் வரம்பில் வரும். கொலைக் குற்றம் இதில் அடங்கும்.

இந்தப் பிரிவுகளில் வரும் சொற்களை மாணவர்கள் ஒரே பொருளில் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் வேறு.

மன்னிப்பு: தண்டனையோடு குற்றவாளி என்ற தீர்மானமும் நீங்கிவிடுகிறது.

ஒத்திவைப்பு: தண்டனை அப்படியே இருக்கிறது, அதை நிறைவேற்றுவது மட்டும் தற்காலிகமாகத் தள்ளிப்போகிறது. கருணை மனு பரிசீலனையில் இருக்கும்போது தூக்குத் தண்டனையை நிறுத்தி வைப்பது இவ்வகை.

தணிப்பு: கைதியின் உடல்நிலை போன்ற ஒரு தனிக் காரணத்துக்காகக் குறைந்த தண்டனை அளிப்பது.

குறைப்பு: தண்டனையின் வகை மாறாது, கால அளவு குறையும். பத்தாண்டு கடுங்காவல் ஏழாண்டு கடுங்காவலாவது இதற்கு உதாரணம்.

மாற்றம்: தண்டனையின் வகையே மாறும். தூக்கு ஆயுள் சிறையாவது இதுதான்.

மரண தண்டனையை முழுமையாக மன்னிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு மட்டுமே உண்டு என்று போட்டித் தேர்வு வழிகாட்டிகள் எழுதுகின்றன. மரண தண்டனையைப் பொறுத்து 72-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, ஆளுநர் அதை நிறுத்தி வைக்கலாம், குறைக்கலாம், மாற்றலாம் என்ற மூன்றை மட்டும் பெயர் சொல்லிக் காப்பாற்றுவதால் எழுந்த விளக்கம் அது. ஆனால் 161-ஆவது பிரிவு "மன்னிப்பு" என்ற சொல்லையும் சேர்த்தே பயன்படுத்துகிறது. மரண தண்டனைக்கு அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. மன்னிப்பைப் பற்றி விவாதம் இருக்கலாம். தூக்கை நிறுத்தி வைக்கவும் ஆயுளாக மாற்றவும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு என்பதில் விவாதமே இல்லை.

நீதிமன்றத்துக்கு மேல் ஆளுநரா?

"சார், ஜட்ஜ் குடுத்த தீர்ப்பை கவர்னர் எப்படி சார் மாத்தலாம்? அப்போ கோர்ட்டை விட கவர்னர் பெரியவரா?" என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார். மிக நல்ல கேள்வி. மறுமதிப்பீட்டையும் வருகைக் குறைவு விலக்கையும் ஒப்பிட்டு நான் விளக்குவது வழக்கம்.

விடைத்தாள் மறுமதிப்பீட்டுக்குப் போனால் மதிப்பெண் மாறுகிறது. மேல்முறையீடு அதைப் போன்றது. மேல் நீதிமன்றம் சாட்சியங்களை மீண்டும் பார்த்து, தீர்ப்பு சரியா தவறா என்று சொல்கிறது. வருகை நாள் குறைந்த மாணவருக்கு விலக்கு அளித்துத் தேர்வு எழுத அனுமதிக்கும்போது வருகைப் பதிவேட்டில் யாரும் திருத்தம் செய்வதில்லை. வராத நாள் வராத நாளாகவே இருக்கிறது. அந்தப் பதிவேட்டுக்கு வெளியே உள்ள ஒரு காரணத்தை (நோயோ குடும்பச் சூழலோ) உரிய அதிகாரி கணக்கில் எடுத்துக்கொள்கிறார். கருணை அதிகாரம் இதைப் போன்றது. தண்டனையை மாற்றும்போது ஆளுநர் தீர்ப்பைத் திருத்துவதில்லை. குற்றவாளி என்ற முடிவு அப்படியே நிற்கிறது. தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை, அதை நிறைவேற்றுவது அரசின் வேலை. அந்த இரண்டாவது வேலையில்தான் ஆளுநரின் அதிகாரம் செயல்படுகிறது.

கேகர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கருணை அதிகாரம் நிர்வாகத் தன்மை உடையது, நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து தனித்து நிற்பது. கருணை மனுவைப் பார்ப்பவர் வழக்கின் சாட்சியங்களையும் தாமே ஆராயலாம் என்றது. நீதிபதிகளும் மனிதர்களே, எல்லாப் படிகளையும் தாண்டிய பிறகும் தவறு தங்கிவிடக்கூடும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. சிறையில் அடைத்தவரை வெளியே விடலாம். தூக்கிலிட்டவரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆளுநர் எப்போது நிறுத்த முடியாது?

1960 மார்ச் 11 அன்று கடற்படை அதிகாரி நானாவதிக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அன்றே பம்பாய் ஆளுநர் 161-ஆவது பிரிவின் கீழ் தண்டனையை நிறுத்தி வைத்தார். உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடியும்வரை அவர் சிறைக்குப் போகாமல் கடற்படையின் காவலிலேயே இருக்கலாம் என்பது ஆணை. 1960 செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மேல்முறையீடு தன் முன் இருக்கும் காலத்தில் தண்டனையை நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதைத் தானே முடிவு செய்யும், அந்த இடைவெளியில் ஆளுநர் நுழைய முடியாது என்றது. வழக்கு முடிந்த பிறகு, 1964-இல், அன்றைய மகாராட்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

ஆக, முதலில் நீதிமன்றம், பிறகு கருணை என்ற வரிசை உண்டு. மரண தண்டனையில் இந்த வரிசை இன்னும் நீளமானது. அமர்வு நீதிமன்றம் விதித்த தூக்கை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. பிறகு உச்ச நீதிமன்றம், மறுஆய்வு மனு, கருணை மனு. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-ஆவது பிரிவு இதற்குக் காலக்கெடுவும் விதித்துள்ளது. உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்ததைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் கருணை மனு அளிக்க வேண்டும். முதலில் ஆளுநரிடம் அளித்து அவர் நிராகரித்தால், 60 நாள்களுக்குள் குடியரசுத் தலைவரிடம் அளிக்க வேண்டும். கைதி மட்டுமன்றி அவருடைய வாரிசோ உறவினரோகூட மனு அளிக்கலாம்.

முடிவெடுப்பது யார்?

மனு ஆளுநரின் பெயருக்குப் போகிறது. ஆணையும் அவர் பெயரில் வருகிறது. ஆனால் முடிவு அவருடைய சொந்த முடிவன்று. 1980-இல் மாரு ராம் வழக்கில், குடியரசுத் தலைவரும் ஆளுநரும் கருணை அதிகாரத்தை அமைச்சரவையின் ஆலோசனைப்படியே பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் இந்தக் கொள்கை உயிர்ப்போராட்டமாகவே சோதிக்கப்பட்டது.

இராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 சனவரி 28 அன்று தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, நளினி, பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகிய நால்வரின் தூக்கை மட்டும் உறுதி செய்தது. 26 என்ற எண் ஒரே மேல்முறையீட்டில் 4 ஆனதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், மேல்முறையீடு ஏன் தேவை என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

நால்வரின் கருணை மனுக்களை 1999 அக்டோபரில் ஆளுநர் ஃபாத்திமா பீவி நிராகரித்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர் அவர். ஆனால் அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறாமல் எடுத்த முடிவு என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் நவம்பர் 25 அன்று அந்த ஆணையை இரத்து செய்தது. பிறகு அமைச்சரவை கூடி, நளினிக்கு மட்டும் தண்டனையை மாற்றப் பரிந்துரைத்தது. 2000 ஏப்ரல் 24 அன்று ஆளுநர் ஏற்றார், தூக்கு ஆயுளானது. இடையில் மாறியது முடிவெடுத்த முறை. முறை மாறியதால் ஓர் உயிர் தங்கியது.

மற்ற மூவரின் மனுக்கள் குடியரசுத் தலைவரிடம் சென்று பதினோரு ஆண்டுகள் கிடந்தன. 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டு, வேலூர்ச் சிறையில் செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறிக்கப்பட்டது. ஆகஸ்டு 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரங்களுக்குத் தடை விதித்தது. அந்த எட்டு வாரத் தடை நீண்டு, 2014 பிப்ரவரி 18 அன்று, ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, நியாயமற்ற தாமதத்தைக் காரணம் காட்டித் தண்டனையை ஆயுளாக மாற்றியது.

அதற்கு ஒரு மாதம் முன்பு அதே தலைமை நீதிபதியின் அமர்வு சத்ருகன் சவுகான் வழக்கில் 15 பேரின் தூக்கை ஆயுளாக மாற்றியிருந்தது. மேட்டூரை அடுத்த பாலாற்றில் 1993-இல் 22 பேரைப் பலிகொண்ட கண்ணிவெடி வழக்கின் நான்கு கைதிகளும் அவர்களில் அடக்கம். கருணை மனு நிராகரிக்கப்பட்ட செய்தி கைதிக்குத் தெரிந்த பின் குறைந்தது 14 நாள் இடைவெளி விட்டே தண்டனையை நிறைவேற்ற வேண்டும், குடும்பத்தாரைக் கடைசியாகச் சந்திக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்ற நெறிமுறைகளும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தன.

சேலத்தில் விதிக்கப்பட்ட தூக்கு

நம் பகுதி மறக்க முடியாத வழக்கு ஒன்று உண்டு. 2000 பிப்ரவரி 2 அன்று, கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேருந்து, தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் ஓர் அரசியல் போராட்டத்தின்போது தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவிகள் கருகி இறந்தனர். அவர்களில் ஒருவர் நம் நாமக்கல்லைச் சேர்ந்தவர். அன்று நானும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய அவர்கள் வயதுதான். இன்று மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியராக அந்தச் செய்தியை நினைக்கும்போது அது வேறு விதமாக உறைக்கிறது.

வழக்கு சேலம் அமர்வு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2007 பிப்ரவரியில் மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. அதே ஆண்டு உயர் நீதிமன்றமும், 2010 ஆகஸ்டு 30 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. ஆனால் 2016 மார்ச் 11 அன்று, மறுஆய்வில், கூட்ட வெறியில் நடந்த செயல், அம்மாணவிகளைக் கொல்ல வேண்டும் என்ற முன்திட்டம் இல்லை என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றமே தண்டனையை ஆயுளாக மாற்றியது. 2018 நவம்பரில், மாநில அரசின் பரிந்துரையை முதலில் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிய ஆளுநர், மீண்டும் வந்தபோது ஏற்று, 161-ஆவது பிரிவின் கீழ் மூவரையும் விடுவித்தார்.

இந்த வழக்கை வகுப்பில் சொன்னபோது, "செத்துப்போன அக்காங்க அப்பா அம்மாவை யாராவது கேட்டாங்களா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு அமைதியானது. கருணை அதிகாரத்தை மனித உரிமையின் வெற்றியாக மட்டும் சொல்லிக்கொடுத்தால் அந்தக் கேள்விக்கு இடமே இருக்காது. 161-ஆவது பிரிவில் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்று எழுதப்படவில்லை. அதனால் அவர்களுக்கு வழியே இல்லை என்று பொருளாகாது. 2006-இல் எபுரு சுதாகர் வழக்கில், கொலையுண்டவரின் மகன் தொடுத்த மனுவை ஏற்று, ஆந்திர ஆளுநர் அளித்த தண்டனைக் குறைப்பை உச்ச நீதிமன்றம் இரத்து செய்தது. கைதியின் கட்சி, சாதி, மதம் போன்ற தொடர்பற்ற காரணங்களுக்காகவோ, உள்நோக்கத்தோடோ, உரிய ஆவணங்களைப் பாராமலோ வழங்கும் கருணை நிற்காது என்றது. கருணையை நிராகரித்தாலும் வழங்கினாலும் காரணம் சரியாக இருக்க வேண்டும் என்பதே சட்டம்.

முடிவெடுக்காமல் இருப்பது

இராஜீவ் வழக்குக் கைதிகள் எழுவரையும் விடுவிக்க 2018 செப்டம்பர் 9 அன்று தமிழ்நாடு அமைச்சரவை ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. இரண்டரை ஆண்டுகள் முடிவு வரவில்லை. பின்னர் கோப்பு குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தும், விளக்க முடியாத தாமதம் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது, குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதற்கு அரசியலமைப்பு ஆதாரம் இல்லை என்று கூறி, 142-ஆவது பிரிவின் கீழ் பேரறிவாளனைத் தானே விடுவித்தது. கைதானபோது அவருக்கு வயது 19. சிறையில் கழிந்தவை 30 ஆண்டுகளுக்கும் மேல். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று மற்றவர்களும் விடுவிக்கப்பட்டனர்.

அமெரிக்காவோடு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அவரே அரசின் தலைவர். அதனால் பல மாநிலங்களில் அவர் தம் சொந்த முடிவாகவே தூக்கை நிறுத்த முடிகிறது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் மரண தண்டனை மீண்டும் வந்த 1977 முதல் 12 பேருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது. அதே காலத்தில் தூக்கறையிலிருந்த 13 பேர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டிருந்தனர். இந்தக் கணக்கைப் பார்த்து, மரண தண்டனையை ஆதரித்து வந்த ஆளுநர் சார்ச் ரையன் 2000 சனவரியில் மாநிலம் முழுவதும் மரண தண்டனைகளை நிறுத்தி வைத்தார். 2019 மார்ச்சில் கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் 700-க்கும் மேற்பட்ட கைதிகளுக்கு அதைச் செய்தார். நம் ஆளுநர் அப்படி ஒட்டுமொத்தமாக நிறுத்த முடியாது. ஒவ்வொரு கைதியின் வழக்கும் தனித்தனியே, அமைச்சரவையின் ஆலோசனையோடு பார்க்கப்பட வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதவி வேறு என்பதை மாணவர்களுக்கு விளக்க இது நல்ல இடம்.

வகுப்பறையில்

இப்பாடத்துக்கு ஒரு பாடவேளை கூடுதலாக ஒதுக்க முடிந்தால் மூன்று செயல்பாடுகளைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, மன்னிப்பு, ஒத்திவைப்பு, தணிப்பு, குறைப்பு, மாற்றம் ஆகிய ஐந்து சொற்களையும் அட்டைகளில் எழுதி, ஐந்து சிறு சூழல்களைக் கொடுத்துப் பொருத்தச் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களாலும் இதைச் செய்ய முடிகிறது.

இரண்டாவது, அமர்வு நீதிமன்றத்திலிருந்து குடியரசுத் தலைவர் வரையிலான படிகளை ஒரு காலக்கோடாக வரையச் சொல்லலாம். எந்தப் படியில் நீதிமன்றம் முடிந்து அரசு தொடங்குகிறது என்று சிவப்பு மையால் கோடிடச் செய்ய வேண்டும். அந்தக் கோட்டைச் சரியாகப் போட்டவருக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, அமைச்சரவைக்குக் குறிப்பு எழுதும் பயிற்சி. கற்பனை வழக்கு ஒன்றைக் கொடுத்து, ஒரு குழு கைதியின் உறவினராகவும் ஒரு குழு பாதிக்கப்பட்ட குடும்பமாகவும் மனு எழுத, மூன்றாவது குழு இரண்டையும் படித்துக் காரணங்களுடன் பரிந்துரை எழுத வேண்டும். காரணம் இல்லாத பரிந்துரையை ஏற்கக் கூடாது.

"தூக்கு வேண்டுமா, வேண்டாமா, கை தூக்குங்கள்" என்று மட்டும் கேட்க வேண்டாம். நம் அரசுப் பள்ளி வகுப்புகளில் கொலையில் தந்தையை இழந்த பிள்ளையும் இருக்கலாம். தந்தை சிறையில் இருக்கும் பிள்ளையும் இருக்கலாம். இரண்டு பேரும் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பது உண்டு. கை தூக்கச் சொன்னால் இருவரில் ஒருவர் வகுப்பின் முன் தோற்றுப்போவார். உள்ளூர் வழக்குகளைச் சொல்லும்போது பெயர்களை விட்டுவிட்டுத் தேதிகளையும் காரணங்களையும் மட்டும் சொல்வது நல்லது. கட்சிப் பெயர் பேச்சில் வந்தால், "அமைச்சரவை", "ஆளுநர்", "நீதிமன்றம்" என்ற பதவிப் பெயர்களுக்கு உரையாடலைத் திருப்பிவிடலாம்.

பாடம் முடியும்போது, ஓர் உயிரைப் பற்றிய முடிவை எந்தத் தனி மனிதரிடமும் நம் அரசியலமைப்பு முழுமையாக ஒப்படைக்கவில்லை என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்ள வேண்டும். நீதிபதி தவறினால் மேல் நீதிமன்றம், அதன் பிறகும் தேவைப்பட்டால் அமைச்சரவையின் ஆலோசனையோடு ஆளுநர், ஆளுநர் தவறினால் மீண்டும் நீதிமன்றம். இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு அந்த ஒரு மதிப்பெண் வினா தானாகவே வந்துவிடும்.